அறுபத்து மூன்றாவது ஆள்

கணித மாதிரியாக்கம் எடுக்கிற பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் "வச்சுக்குவோம்". வகுப்பில் அவள் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற வார்த்தை அதுதான். தொட்டியில் தண்ணீர் சீராக இறங்குகிறது என்று வச்சுக்குவோம். ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி தும்முகிறார்கள் என்று வச்சுக்குவோம். வருகைப் பதிவில் மாட்டிக்கொண்டவன்கூட, "நான் நேத்து கிளாசுக்கு வந்தேன்னு வச்சுக்குவோம் மேடம்" என்று பல்லைக் காட்டுவான். அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிற பிள்ளைகளுக்கான ஆரம்பப் பாடம் அது. முதல் நாளே புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவாள். "தெருவுக்குப் போங்க. எதையாவது எண்ணுங்க. எண்ணிட்டு வந்து உக்காருங்க, அப்புறம் பேசலாம்" என்பாள். ஒரு வருடம் லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்களை எண்ணினார்கள். இன்னொரு வருடம் நூலகத்தில் திரும்பி வராத புத்தகங்களை எண்ணினார்கள். இந்த வருடம் கல்லூரி வாசலில் இருந்த சிக்னல் அகப்பட்டது.

ஆறு தடங்கள் உள்ள சாலை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இருபத்திரண்டு மீட்டர். நடந்து கடக்கிறவர்களுக்கு நாற்பது விநாடி பச்சை. முக்கால்வாசிப் பேர் அதில் பாதியிலேயே அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மிச்ச நேரம் காலியான சாலையைப் பார்த்து வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கும். ஓட்டுநர்கள் கண்டபடி திட்டுவார்கள். ஒரு மனிதன் சாலையைக் கடக்க எத்தனை விநாடி போதும்? இதுதான் வகுப்புக்கு அவள் கொடுத்த கேள்வி.

பதினெட்டு மாணவர்கள் இரண்டு நாள் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை வாசலில் நின்று எண்ணினார்கள். அந்த நேரம் எப்படி முடிவானது என்றால், அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு வேறு வகுப்பு இல்லை. அந்த நேரத்தில் சாலையில் யார் நடப்பார்கள், யார் நடக்கமாட்டார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிற அவளுக்கும் தோன்றவில்லை. நூற்று நாற்பது பேரின் நேரம் குறித்தாயிற்று.

முதல் வரிசையில் உட்காருகிற ஒரு பெண்ணை எல்லாரும் நோட்டுக்காரி என்று கூப்பிடுவார்கள். சந்தேகத்தை நோட்டில் குறித்து வந்து கேட்காமல் ஒரு நாளும் விடமாட்டாள். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"மேடம், அறுபத்து மூணாவது ஆள் மட்டும் முப்பத்தேழு செகண்ட் எடுத்திருக்கார். மத்தவங்க எல்லாரும் இருபதுக்குள்ள. இவரை என்ன பண்றது?"

"முப்பத்தேழா? யாரும்மா அது, நடுவுல நின்னு போன் பேசினாரா?"

"இல்ல மேடம். எதிர்ல பைண்டிங் கடை வச்சிருக்காரே, அவரு. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பாரு."

"அப்போ அவுட்லையர். தூக்கிடு."

"தூக்கிடலாமா மேடம்?"

"ஒருத்தருக்காக நூத்து முப்பத்தொன்பது பேரோட கணக்கைக் கெடுத்துக்க முடியாதும்மா. ஒரு ரீடிங் நீக்கப்பட்டதுன்னு கீழ அடிக்குறிப்பு போட்டுடு, போதும்."

அவள் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. பேருந்தில் யாராவது நின்றால் எழுந்து இடம் கொடுக்கிறவள்தான். ஆனால் அந்த நிமிடம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது மனிதர் அல்ல, மற்ற எண்களோடு ஒட்டாத ஓர் எண். வருடா வருடம் அப்படிப்பட்ட எண்களைத் தூக்கிப் போடத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மணி அடித்தது, கரும்பலகையை அழித்துவிட்டுப் போய்விட்டாள்.

இருபதோடு இரண்டு விநாடி கூடுதலாகச் சேர்த்து, விடை இருபத்திரண்டு விநாடி என்று வந்தது. அறிக்கை நான்கு பிரதி தயாரானது. அதை எதிர்க்கடையில்தான் பைண்டிங்குக்குக் கொடுத்தார்கள். நீலத் துணி போட்டு, முதுகில் பொன்னெழுத்து பதித்து, அவரே சாலையைக் கடந்து கொண்டுவந்து கொடுத்தார். "பசங்க பெரிய காரியம் பண்ணியிருக்காங்க போல" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். கல்லூரி முதல்வர் ஒரு பிரதியைப் போக்குவரத்துப் பொறியாளருக்கு அனுப்பிவைத்தார். இலவசமாக வந்த யோசனையை விடுவார்களா? ஒரு திங்கட்கிழமை காலை நாற்பது இருபத்திரண்டானது. வகுப்பே வாசலுக்கு ஓடி, எண் குறைந்து குறைந்து சிவப்பு விழுந்ததும் கை தட்டியது. அவளும் தட்டினாள்.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றேகால் இருக்கும். பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் பிரேக் சத்தமும் அதைத் தொடர்ந்து கூச்சலும் கேட்டது. ஜன்னல் ஓரத்துப் பையன்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். "உக்காருங்கப்பா, வேடிக்கை பாக்கத்தான் வந்தீங்களா" என்று அதட்டிவிட்டு மீதிப் பாடத்தை நடத்தி முடித்தாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

வகுப்பு முடிந்து அறைக்கு வந்தால் நோட்டுக்காரி கதவருகே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், அவருதான்."

"எவரு?"

"அறுபத்து மூணு."

சாமான் வேன் மோதியிருந்தது. கல்லூரிக்குக் கொடுக்கவேண்டிய ஆய்வேடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே தவிர, போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மனம் பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது. இருபத்திரண்டு மீட்டரை முப்பத்தேழு விநாடியால் வகுத்து இருபத்திரண்டு விநாடியால் பெருக்கினால் பதின்மூன்று மீட்டர். பதின்மூன்று மீட்டர் என்றால் நாலாவது தடம். வேன் நின்றிருந்தது நாலாவது தடத்தில்தான். கணக்கு அச்சு அசலாகச் சரியாக வந்ததே, அதை அவளால் தாங்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தார், பாதசாரியின் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. மோதியபோது அவருக்கு விளக்கு சிவப்பு என்பது உண்மைதான். வேன்காரனுக்குப் பச்சை என்பதும் உண்மைதான். யார் மேலும் தவறில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கடைக்குப் போனாள். பசை வாடையும் காகிதத் தூசுமாக ஒரு சின்ன அறை. தைத்து முடிக்காத நோட்டுகள் பலகைக்கு அடியில் அழுத்தி வைத்தபடி கிடந்தன. அவர் மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எழுந்திருக்கப் பார்த்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"எழுந்திருக்காதீங்கம்மா. நான் காலேஜ்ல கணக்கு டீச்சர்."

"தெரியும் டீச்சர். உங்க புக்கு கூட அவருதானே போட்டாரு." முட்டியை நீவிக்கொண்டாள். பிறகு, "சிவப்புல ஓடினாருன்னு எழுதிட்டாங்களாம். அந்த மனுசன் ஓடி நான் பத்து வருசத்துல பாத்ததில்ல. காலு வந்தாத்தானே ஓடறதுக்கு? பச்சை விழுந்து, எல்லாரும் இறங்கினப்புறம்தான் இறங்குவாரு" என்றாள்.

அவரோட நேரம் எங்களிடம் இருந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இப்ப நீங்க எப்படிம்மா கடக்கறீங்க? வீடு அந்தப் பக்கம்தானே?"

"யாராவது பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கறேன். ஒருத்தரும் சிக்கலைன்னா பெரிய சந்திப்பு வரைக்கும் போய்ச் சுத்திக்கிட்டு வரேன். போக வர ஒரு மணி நேரம் ஓடிப்போயிடுது. அவருக்கு ஒரு கால்தான் மோசம் டீச்சர், எனக்கு ரெண்டும்." இதைச் சொல்லும்போது சிரித்தாள். "அந்த லைட்டைப் பழையபடி பண்ணச் சொல்லுங்களேன். நீங்க படிச்சவங்க சொன்னா கேப்பாங்க."

"பண்ண வைக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டது. இந்த அம்மாளும் தினம் இரண்டு வேளை அதே தடங்களைத் தாண்டவேண்டியவள். நாற்பது திரும்ப வராவிட்டால் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே அதே சத்தம் கேட்கும்.

முதல்வரிடம் போனாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னம்மா, ஊர்ல எவ்வளவோ விபத்து நடக்குது. இதுல நம்ம காலேஜ் பேரை நாமளே இழுத்துவிட்டுக்கணுமா?"

"நான் நீக்கச் சொன்ன ரீடிங் அவரோடது சார்."

"அதை நீ வாய்விட்டுச் சொல்லாத. அடுத்த மாசக் கூட்டத்துல உன்னைப் பர்மனென்ட் பண்றது வருது. பதினோரு வருசம் காத்திருந்துட்டு இப்போ போய் காரியத்தைக் கெடுத்துக்காத. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவள் அசல் தாளைப் பையில் வைத்துக்கொண்டு நேரே பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனாள். சுவரெல்லாம் வரைபடம், அதில் சிக்னலுக்கு ஒன்றாக குண்டூசிகள். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாளை முழுக்கப் படித்தார். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். நீக்கச் சொன்னது நான், மாணவி தூக்கலாமா என்று கேட்டாள், நான்தான் தூக்கச் சொன்னேன் என்றாள்.

"அடிக்குறிப்பை நானும் படிச்சேன் மேடம்" என்றார் அவர். "ஒண்ணுதானேன்னு நானும்தான் விட்டேன். உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது."

"பழையபடி மாத்திடுங்க சார்."

"ஒரு ரீடிங்கை வச்சு மாத்தினா எனக்கு மேல இருக்கறவர் என் தோலை உரிச்சிடுவார். மறுபடி எண்ணுங்க. காலையில மட்டும் இல்ல, நாள் முழுக்க. இருபத்திரண்டுக்கு மேல எடுத்துக்கிறவங்க நூத்துக்கு அஞ்சு பேர் இருக்காங்கன்னு காட்டுங்க. அன்னைக்கே நாப்பது ஆக்கறேன். எழுதியே தரேன்."

எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு படி இறங்கும்போது அவளுக்கு உயிர் வந்தது. நூற்றுக்கு ஐந்து என்ன, பகலில் எண்ணினால் பத்தே தேறும். எதிர்ப்பக்கம் மருந்துக் கடை இருக்கிறது, கண் மருத்துவர் இருக்கிறார். கைத்தடியும் கட்டுப்போட்ட காலுமாக ஆட்கள் வராமலா போய்விடுவார்கள்?

நான்கு நாள், காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை, முறை வைத்துக்கொண்டு எண்ணினார்கள். அவள் மட்டும் ஒரு முறைகூட விடாமல் நின்றாள். முதல் நாள் முடிவில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஒருவர்கூட இருபத்திரண்டைத் தாண்டவில்லை. முதல் நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. "மேடம், நம்ம மாடல் நூத்துக்கு நூறு!" என்று ஒரு பையன் விவரம் புரியாமல் குதித்தான். நோட்டுக்காரி அவனை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் நோட்டுக்காரிதான் வந்து சொன்னாள்.

"மேடம், வயசானவங்களே இல்ல. நீங்க கவனிச்சீங்களா? கைத்தடி ஒண்ணு கூட வரல. வயித்துப் பிள்ளைக்காரிங்க கூட இல்ல. பைண்டிங் கடை அம்மாவே இப்ப பெரிய சந்திப்பைச் சுத்தித்தான் போறாங்க. வர்றவங்க எல்லாம் ஓடறாங்க."

பேராசிரியை சாலையைப் பார்த்தாள். பச்சை விழுந்ததும் பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் விழுந்தடித்து ஓடியது. மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தும் அவளுக்கு உறைக்கவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் போய் விசாரித்தாள்.

"முன்னாடியெல்லாம் பத்து மணிக்கு மேல பெருசுங்க ராஜ்ஜியம்தாங்க இங்க. நின்னு கதை பேசிட்டுத்தான் போவாங்க. லைட்டைக் குறைச்சதுலேர்ந்து ஒண்ணொண்ணா நின்னுபோச்சு. பைண்டிங்காரர் விஷயத்துக்கு அப்புறம் சுத்தமா இல்ல. ஒரு பெரியவரு பிரஷர் மாத்திரையையே விட்டுட்டாராம். வாங்கிட்டு வர ஆளில்லைன்னு."

நான்காம் நாள் மாலை மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர். இருபத்திரண்டுக்கு மேல் எடுத்தவர் பூஜ்யம். ஒரு மாடல் சொன்னதும் தெருவில் நடப்பதும் ஒத்துப்போனால் அந்த மாடல் சரி என்று அவள் ஒவ்வொரு வருடமும் ஒரு முழு வாரம் பாடம் நடத்துவாள். இப்போது அவள் போட்ட கணக்குக்கு ஏற்றபடி தெரு தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. கணக்குக்குள் அடங்காதவர்களில் ஒருவர் செத்துப்போனார், மற்றவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள்.

பொறியாளரிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். மருந்துக் கடைக்காரர் சொன்னதையும் சொன்னாள். அவர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது மேடம். சத்தியமாப் புரியுது. ஆனா வராதவங்களை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

"வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதிட்டு வரேன் சார்."

"அதுக்கு ஃபாரமே கிடையாது. அட்டவணையில இருக்கறதைத்தான் மேல பாப்பாங்க. சர்வே கேட்டு நான் எழுதிக் கொடுத்தது பதிவாயிடுச்சு, நீங்க எண்ணினதையும் நான் ஃபைல்ல வச்சே ஆகணும்." அவள் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "ரெண்டு தடவை சர்வே எடுத்து உறுதியான சிக்னல் ஊர்லயே இது ஒண்ணுதான். இனிமே இதுல யாரும் கை வைக்கமாட்டாங்க. இதே அகலம் இருக்கற மத்த பதினோரு இடத்துக்கும் இருபத்திரண்டே போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு மேடம்."

நல்லது செய்யப் போய், இருந்த ஓட்டையையும் தன் கையாலேயே பூசிவிட்டு வந்திருக்கிறாள். பதினோரு இடம். பதினோரு மருந்துக் கடை. அந்தச் சாலைகளில் எந்த எந்தக் காலை இழுத்துக்கொண்டு யார் யார் இறங்கப்போகிறார்களோ, அவர்களை எண்ண ஒரு நோட்டுக்காரிகூட அங்கே நிற்கமாட்டாள்.

அங்கிருந்து நேரே பைண்டிங் கடைக்குத்தான் போனாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்பதையாவது நேரில் சொல்லவேண்டும். கடை பாதி காலியாக இருந்தது. பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அழுத்துப் பலகையை யாரோ விலைக்குக் கேட்டு எடுத்துப் போயிருந்தார்கள். அந்த அம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மிஞ்சிய துணிச் சுருள்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். லைட்டு மாத்தியாச்சா?"

"இல்லம்மா. முடியல." இந்த முறை விழுங்கிக்கொள்ளவில்லை. எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாங்க மொதல்ல எண்ணினப்போ அவரோட நேரமும் எங்ககிட்ட இருந்துச்சு. முப்பத்தேழு செகண்ட். அதை நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். ஒருத்தர்தானேன்னு சொல்லிட்டேம்மா. அதைச் சேத்திருந்தா லைட்டைக் குறைச்சிருக்கவே மாட்டாங்க."

அந்த அம்மாள் கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்று இவள் காத்திருந்தாள்.

"முப்பத்தேழா?" என்றாள் அந்த அம்மாள். "தனியாப் போனா அவ்ளோ சீக்கிரமா நடப்பாரா? என்கூட வர்றப்போ அதைவிட லேட்டாகுமே. எனக்காகத்தான் மெதுவா வந்திருக்காரு போல. ஒரு நாளும் சொன்னதில்ல பாருங்க."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி கயிற்றை எடுத்து, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினாள். மன்னித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

"நீங்க இதுக்காக இனிமே அலைய வேண்டாம் டீச்சர். பொண்ணு வீட்டுக்கே போயிடறேன். மருமகன் வண்டி எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்காரு. கடை சாவியையும் கொடுத்தாச்சு. இந்த ரோட்டை நான் இனிமே தாண்ட வேண்டியதில்ல."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. தடுக்க நேரமில்லாமல், நெஞ்சுக்குள் இருந்து நிம்மதியாக ஒரு மூச்சு வெளியே வந்தது. வந்த பிறகுதான் அது என்ன மூச்சு என்று அவளுக்குப் புரிந்தது. தாண்ட முடியாதவர்களில் ஒருவர் குறைந்தார். ஒரு தொல்லை விட்டது. அந்த அம்மாளுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு இப்படி மூச்சு விட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து, போய்ட்டு வரேம்மா என்றுகூடச் சரியாகச் சொல்லாமல் வெளியே வந்தாள்.

சாலையோரம் இருபது முப்பது பேர் பச்சைக்குக் காத்திருந்தார்கள். விழுந்ததும் எல்லாரும் ஓடினார்கள். அவளும் பையை அணைத்துக்கொண்டு ஓடினாள். நல்ல கால்கள், பதினாலு விநாடியில் அந்தப் பக்கம் வந்துவிட்டாள். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். சாலையில் ஒருவரும் மிச்சம் இல்லை.